பாப்பாவின் கோபம்

ஆறு வயதில், முன்பல் விழுந்த நேரம் பார்த்து டிவி தொடரில் நடிக்க வந்ததுதான் பாப்பா செய்த ஒரே குற்றம். 'ர' வர வேண்டிய இடத்தில் 'ல' வந்தது; ஊரே சொக்கிப்போனது. பல் முளைத்ததும் தயாரிப்பாளர் துக்கம் விசாரிக்க வீட்டுக்கே வந்துவிட்டார். "பல்லு வந்தா வரட்டும் சார், நாக்கு என் பேச்சைக் கேக்கும்" என்று அவரைத் தேற்றியவள் பெற்ற தாய். தொடர் முடியும்வரை வீட்டுக்குள்ளும் 'ர'வுக்குத் தடையுத்தரவு.

இப்போது வயது முப்பத்தாறு. முகத்தை யாரும் சீந்துவதில்லை. குரலை மட்டும் கூப்பிடுகிறார்கள், அதுவும் குழந்தைகளுக்கு டப்பிங் பேச. ஒரே ஒரு அம்மா வேடத்துக்காவது பேசிவிட வேண்டும் என்று குரலைக் கனமாக்கிப் பழகிக்கொண்டு அன்று ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாள்.

"அம்மாவுக்கு வேற ஆளு வந்தாச்சு பாப்பா" என்றார் டப்பிங் இயக்குநர். "பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு ஒரு வாண்டு அடம்பிடிக்குது. அதுக்குப் பேசிடு, கண்ணு."

"சார், எனக்கே பள்ளிக்கூடம் போற பொண்ணு இருக்கு!"

"அப்போ வசதியாப் போச்சு. அவளை நினைச்சுக்கிட்டுப் பேசு."

பாப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் வந்தால் நாக்கு ஆறு வயதுக்கு ஓடிவிடும் என்று அவளுக்குத் தெரியும். பிடித்து நிறுத்தத்தான் தெரியாது.

"இனிமே நான் வல மாட்டேன்! செத்தாலும் வல மாட்டேன், போங்க!"

மைக் திறந்தே இருந்தது; அவள் கத்தியது அப்படியே பதிவாகிவிட்டது. இயக்குநர் அதைத் திரையிலிருந்த சிறுமியின் வாயசைவோடு ஓட்டிப் பார்த்தார். பிசகாமல் பொருந்தியது.

"டேக் ஓகே, பாப்பா! அந்த 'செத்தாலும்' மட்டும் வெட்டிடறேன். குழந்தை வாயில அது நல்லாயில்ல."