முழுதும், பாதி, தொடவில்லை

முப்பத்தோரு வருஷம் சமைத்தவர். அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவரிடம் இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் பத்தியச் சமையல் செய்கிறவரின் தலையெழுத்து அது. உப்பு ஆகாதவருக்கு உப்பில்லாமல், சர்க்கரை ஆகாதவருக்குச் சர்க்கரையில்லாமல், எதுவுமே ஆகாதவருக்கு வெறும் கஞ்சி. ஆஸ்பத்திரி முழுக்க அவரைப் பத்தியக்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. தெருவிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவருடைய மனைவி அதே ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடி வார்டில் நர்ஸாக இருந்தவர். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் கழித்தும் அவரை இவர் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். கட்டின பெண்டாட்டியைப் போய் இப்படிக் கூப்பிடுகிறாரே மனுஷன் என்று பக்கத்து வீட்டுக்காரம்மா குடிவந்த முதல் மாதம் முழுக்க வாயில் கையை வைத்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் பதிலுக்கு "என்னங்க" என்பார். கோபம் வந்தால் மட்டும் "கிச்சன்" என்று ஆரம்பிப்பார். அப்போது வெளியே ஏதாவது வேலையிருப்பதாகச் சொல்லிக்கொண்டு கிளம்புவதுதான் நல்லது.

மகள் வேலை மாற்றலாகிக் கடல் தாண்டிப் போனபோது தன் நாயை இவர்களிடம் விட்டுப்போனாள். பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடங்கியிருக்கும். எதை வைத்தாலும் முதலில் மோந்து பார்த்துவிட்டு, இதையா எனக்கு வைக்கிறீர்கள் என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பான். அதனால் துரை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மிடுக்குக்கு ஒரு குறைவும் இல்லை. வயிறுதான் சரியில்லை. தின்ற அரைமணியில் வாந்தி, இல்லாவிட்டால் விடிந்ததும் வாசல் பக்கம் கழிசல். பக்கத்தில் உட்கார்ந்தால், வயிற்றுக்குள் யாரோ நாற்காலியை இழுத்துப்போடுகிற சத்தம் கேட்கும்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தபால்காரர் பூசணிக்காயை வேகவைத்துக் கொடுக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரம்மா வெறும் சோறு என்றார். கடையில் மூன்று விதமான பாக்கெட் தீனி காட்டினார்கள். எல்லாவற்றையும் மூன்று மூன்று நாள் செய்து பார்த்தார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்னவர் துரையைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

கடைசியில் நாய் டாக்டரம்மாவிடம் போனார்கள்.

"தீனியை மாத்திக்கிட்டே இருந்தா எது ஒத்துக்கலன்னு எப்படித் தெரியும்? இதுவரைக்கும் அவன் திங்காத மீன் ஏதாவது ஒண்ணு. கூட உருளைக்கிழங்கு. உப்பு, எண்ணெய் இல்லாம வேகவச்சுக் கொடுங்க. ஆறு வாரம். நடுவுல ஒரு பிஸ்கட் துண்டுகூட உள்ள போகக்கூடாது."

பத்தியக்காரர் சிரித்துவிட்டார். "எனக்கா சொல்றீங்க? முப்பத்தோரு வருஷமா இதைத்தானேம்மா செஞ்சேன்."

அன்று மாலை மகள் போனில் பேசினாள். "அப்பா, ஆறு வாரம் பார்க்கலாம். சரியாகலேன்னா என் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பிடலாம்ப்பா. அவகிட்ட நாலு நாய் இருக்கு, பார்த்துக்க ஆளும் இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் வயசாகுது. தினமும் வாந்தியைத் துடைச்சிக்கிட்டு இருக்க முடியுமா?"

மகள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவருடைய அடுப்புக்கு ஒரு நோயாளி கிடைத்திருந்தான். அவனையும் தேற்ற முடியாமல் அனுப்பிவைத்தால் அப்புறம் தான் எதற்கு என்று தோன்றியது. அதை வெளியே சொல்லாமல், "சரிம்மா" என்று போனை வைத்தார்.

மறுநாளே வீட்டுச் சமையலறை ஆஸ்பத்திரியாகிவிட்டது. துரைக்கென்று தனி வாணலி, தனிக் கரண்டி, தனித் தராசு. சுவரில் ஒரு வெள்ளை அட்டை: 'கட்டில் 1. துரை. மீன், உருளை. உப்பில்லை.' சிஸ்டர் அதைப் படித்துவிட்டு உள்ளே போனார். பழைய காலண்டர் தாளைக் கிழித்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, துண்டு துண்டாக வெட்டி எடுத்துவந்தார். ஒவ்வொரு துண்டிலும் மூன்று கட்டம். முழுதும், பாதி, தொடவில்லை.

"சீட்டா!" என்றார் பத்தியக்காரர். "எத்தனை வருஷமாச்சு சிஸ்டர்."

அந்தக் காலத்தில் சமையலறை கட்டடத்துக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று தட்டு கழுவ வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சுவரில் ஒரு சின்ன லிஃப்ட், ஆள் ஏற முடியாது, தட்டுகள் மட்டும். மேலே தட்டு போகும். காலித் தட்டு திரும்பி வரும்போது அதன் அடியில் சீட்டு இருக்கும். எந்தக் கட்டில்காரர் எவ்வளவு சாப்பிட்டார் என்று நர்ஸ் ஒரு கட்டத்தில் டிக் அடித்து அனுப்ப வேண்டும். பெரும்பாலும் தொடவில்லை. பத்தியக்காரர் அந்த வார்த்தையைச் சாப்பிட்டே வளர்ந்தவர்.

மற்ற நர்ஸ்கள் அவசரத்தில் கிறுக்கி அனுப்புவார்கள். மூன்றாம் மாடிச் சீட்டு மட்டும் வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில் பேசும். 'கட்டில் 4 தொடவில்லை. கஞ்சி ஆறிவிட்டது. லிஃப்ட் தாமதமா, நீங்கள் தாமதமா?' அவர் அடுத்த தட்டின் அடியில் எழுதி வைத்தார்: 'லிஃப்ட்.' பதில் வந்தது: 'லிஃப்டைக் கண்டித்து வையுங்கள்.' இப்படியே எட்டு மாதம். முகத்தைப் பார்த்ததில்லை. மூன்றாம் மாடித் தட்டுகளை மட்டும் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் துடைத்து அனுப்புவார். கூட வேலைபார்த்தவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டுமே.

அப்போதுதான் ஏழாம் கட்டிலுக்கு ஒரு பஸ் கண்டக்டர் வந்து சேர்ந்தார். வெள்ளை அட்டைக்காரர், அதாவது வெறும் கஞ்சி மட்டும். மூன்று நாள் தொடவில்லை. பத்தியக்காரருக்கு மனசு கேட்கவில்லை. வெறும் கஞ்சியை எந்த மனுஷன்தான் குடிப்பான்? நாலாம் நாள் கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கியதும் ஒரு கரண்டி பால் பவுடரைக் கலக்கி அனுப்பினார். சீட்டு வந்தது: பாதி. ஒரு வாரம் பாதி, பாதி என்றே வந்தது. அப்புறம் ஒரு காலை, 'முழுதும்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்ட சீட்டு. அன்று முதல் ஒன்பது நாளும் முழுதும். பத்தாம் நாள் கண்டக்டர் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்.

அந்த முதல் சீட்டைப் பத்தியக்காரர் பர்ஸில் வைத்துக்கொண்டார். அது கொடுத்த தைரியத்தில், இடுப்பில் கட்டிய சமையல் துணியைக்கூட அவிழ்க்காமல், மூன்று மாடி ஏறிப்போய் அதை எழுதினவரைப் பார்த்தார். அந்த வருஷமே கல்யாணம். பால் பவுடர் விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஏழாம் கட்டிலைத் தேற்றியது அந்த ஒரு கரண்டிதான் என்று அவருக்குள் ஒரு கர்வம், முப்பத்தாறு வருஷமாக ஆறாமல் இருந்தது.

ஆகவே, இரண்டாம் நாளே துரை உப்பில்லாத மீனை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டபோது அவர் கை எங்கே போயிருக்கும்? அலமாரியில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பால் பவுடர் டப்பாவுக்குத்தான். ஒரே ஒரு கரண்டி. துரை கிண்ணத்தையே நக்கி நகர்த்திக்கொண்டு போனான். பத்தியத்தை மீறியதாக அவருக்குத் தோன்றவேயில்லை. அவரைப் பொறுத்தவரை அது சாப்பாட்டில் சேராது, பரிவில் சேர்ந்தது.

மூன்று வாரமாயிற்று. சீட்டில் முழுதும், முழுதும். ஆனால் அதே சீட்டின் அடியில், வாந்தி இரண்டு முறை, கழிசல் மூன்று முறை. நாற்காலி இழுக்கிற சத்தம் நிற்கவில்லை. யாரோ வெளியிலிருந்து திருட்டுத்தனமாகக் கொடுக்கிறார்கள் என்று பத்தியக்காரர் முடிவுகட்டினார். வார்டுக்குள் பலகாரம் கடத்தும் சொந்தக்காரர்களை அவர் பார்க்காதவரா? கேட்டில் ஒரு அட்டை தொங்கவிட்டார்: 'நோயாளிக்கு வெளிச் சாப்பாடு கொடுக்கக் கூடாது.' தபால்காரர் பதறிப்போய், "யாருக்கு சார் உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரம்மா, மதில் ஓரம் நிற்பதற்கே இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது என்றார்.

அப்புறம் சந்தேகம் வீட்டுக்குள் வந்தது.

"சிஸ்டர், மறைக்காம சொல்லு. பிஸ்கட் கிஸ்கட் போடறியா?"

"என்னையா கேக்கறீங்க?"

"இந்த வீட்டுல இருக்கறது ரெண்டே பேருதானே."

சிஸ்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா. ரெண்டே பேருதான்" என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் வாரம் துரைக்கு விலா எலும்பு தெரிந்தது. டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மகள் போன் செய்தாள். "போதும்ப்பா. சனிக்கிழமை காலையில என் சிநேகிதி வண்டி எடுத்துட்டு வர்றா." பத்தியக்காரர் துரையின் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டார். கழுத்துப் பட்டையை எண்ணெய் போட்டுத் துடைத்தார். அதைச் செய்கிறபோது துரை அவர் காலடியிலேயே படுத்திருந்தான்.

வியாழக்கிழமை காலை, துரை தின்று முடித்த கிண்ணத்தோடு சிஸ்டர் சமையலறைக்குள் வந்தார்.

"கிச்சன்."

பத்தியக்காரர் திரும்பினார். வெளியே போக வேலை எதுவும் ஞாபகம் வரவில்லை.

"இதை மோந்து பாருங்க."

"மீன் வாசனை."

"அதுக்கு அடியில?"

அவர் அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பால் பவுடர் டப்பா காலியாகிக்கிட்டே வருது. நாம ரெண்டு பேரும் குடிக்கறது பால் போடாத டீ. நீங்களா சொல்வீங்கன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"ஒரு கரண்டிதானே சிஸ்டர். அவன் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கல. ஒரு கரண்டியில என்ன ஆயிடப்போகுது?"

"அதுதான் அவன் வயித்தைக் கலக்குது. ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் திருடன்னீங்க. வேலியே பயிரை மேய்ஞ்சிருக்கு."

பத்தியக்காரருக்குச் சுள்ளென்று ஏறியது. பர்ஸை எடுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் மஞ்சளாகிப்போன சீட்டை நீட்டினார்.

"ஏழாம் நம்பர் கட்டில். இது யாரு கையெழுத்து? முழுதும்னு ரெண்டு கோடு போட்டது யாரு? அந்தக் கஞ்சியிலயும் இதே ஒரு கரண்டிதான். தெரியுமா? அதைக் குடிச்சுத்தான் அந்த மனுஷன் எழுந்து நடந்தான்!"

சிஸ்டர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"அதை அவர் குடிக்கல."

"என்னது?"

"நீங்க பாதி பாதின்னு சந்தோஷப்பட்டீங்களே, அந்த வாரம் முழுக்க அவருக்கு வயித்தால போறது நிக்கவே இல்ல. வயித்தைத் திறந்து பார்த்துடலாம்னு பெரிய டாக்டர் நாள் குறிச்சிட்டார். அன்னிக்குக் கிண்ணத்தைத் திறந்தேன். பால் வாசனை அடிச்சுது. கஞ்சியைக் கொட்டிட்டு, ஊசி கொதிக்க வைக்கற ஸ்டவ்வுல வெறும் அரிசியைக் காய்ச்சிக் கொடுத்தேன். ஒன்பது நாளும்."

"அப்போ இந்த முழுதும்?"

"வேற என்ன எழுதறது? உள்ளதை எழுதினா சீட்டு ஆபீசுக்குப் போகும். அன்னிக்கே உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க." சிஸ்டர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "லிஃப்ட்ல வேற யாரோட கையெழுத்தாவது வந்தா எனக்குப் பிடிச்சிருக்காது."

"முப்பத்தாறு வருஷமா ஏன் சொல்லல?"

"அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கிட்டே இருப்பீங்களே. எந்த வாயால சொல்றது?"

"இப்போ மட்டும்?"

"இப்போ சனிக்கிழமை வண்டி வருது."

பத்தியக்காரர் துரையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். தெருக்கோடியில் பஸ் நிற்கும் இடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவருக்கு முப்பத்தாறு வருஷம் தெரியவில்லை. ஒரு மனுஷனைக் கத்திக்குக் கீழே அனுப்பப் பார்த்ததை நினைத்து நினைத்து சந்தோஷப்பட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. பஸ் ஒன்று வந்து நின்றது, கண்டக்டர் ஏறுகிறீர்களா என்று கையைக் காட்டினார். இவரால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. துரை அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு கிடந்தான். வயிற்றுச் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டார்.

"வண்டியை அனுப்பாதம்மா. இன்னும் ரெண்டு வாரம் கொடு. தப்பு அவன் வயித்துல இல்ல, என் கையில." எல்லாவற்றையும் சொன்னார், ஏழாம் கட்டில் உட்பட. பிறகு மகள், "அம்மா பக்கத்துல இருக்காங்களாப்பா?" என்று கேட்டாள். "இருக்கா" என்றார். "அப்போ சரி" என்றாள்.

பால் பவுடர் டப்பாவை அவரே பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் வெறும் மீன், வெறும் உருளை. துரை மோந்தான், அந்தப் பார்வையைப் பார்த்தான், போய்ப் படுத்துக்கொண்டான். தொடவில்லை. மறுநாள் காலையும் தொடவில்லை. அவர் கை இரண்டு முறை அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது. பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிற மாதிரி இருந்தது அவருக்கு. அன்று சாயங்காலம் துரை இரண்டு வாய் தின்றான். அதற்கடுத்த நாள் காலை, அதாவது வண்டி வந்திருக்க வேண்டிய சனிக்கிழமை, வாசல் பக்கம் சுத்தமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஒரு காலை, சிஸ்டர் சீட்டை மேடைமேல் வைத்தார். 'பாதி' கட்டத்தில் டிக். அடியில் அதே சாய்ந்த கையெழுத்து: 'வாந்தி இல்லை. கழிசல் இல்லை. சத்தம் இல்லை.'

"உண்மையா சிஸ்டர்?"

"கிண்ணத்தைப் பாருங்க."

பார்த்தார். பாதி உருளைக்கிழங்கு அப்படியே இருந்தது. துரை வாசலில் வெயிலில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். பத்தியக்காரர் பர்ஸைத் திறந்து, பழைய சீட்டை எடுக்காமல், புதிய சீட்டை மடித்து அதன் பக்கத்தில் செருகினார்.

"நாளைக்கும் வெறும் மீனும் உருளையும்தான்" என்றார்.

"தெரியும்" என்றார் சிஸ்டர். "இருந்தாலும் நான் மோந்து பார்த்துட்டுத்தான் வைப்பேன்."