வகுப்புக்கு வராத மாணவர்

என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'ஃபைல்'. எங்கே போனாலும் நீல ஃபைல் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு போவாள். குளிக்கப் போகும்போது மட்டும் அதை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போவாள். ஆறு மாதப் பரிமாற்றப் படிப்புக்கு வெளிநாடு வந்தவள். நாம் ஒழுங்காக நடந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நம்புகிற ரகம். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் அரசாங்கங்கள் அலுவலகங்களைக் கட்டி வைத்திருக்கின்றன.

வந்த முதல் வாரமே குடியிருப்பு அலுவலகத்தில் படிவம் நிரப்பினாள். அதில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். நமக்கேது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுத்தானே பிழைப்பு ஓடுகிறது. அப்பாவின் பெயரை அங்கே முழுதாக எழுதினாள். கீழே 'தந்தை பெயர், வயது' என்று இன்னொரு கட்டம் இருந்தது. அதிலும் அதே பெயரைத்தான் எழுதினாள், வேறென்ன செய்வாள்? ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்ததும் இருவரும் ஒரே ஆள் என்று கணினி முடிவு கட்டிவிட்டது. இளையவளைத் தூக்கிவிட்டு மூத்தவரை வைத்துக்கொண்டது. ஒரு மாதம் கழித்துத் தபாலில் அட்டை வந்தது. படம் இவளுடையது. பெயர் அப்பாவுடையது. வயது ஐம்பத்தெட்டு, ஆண்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த அலுவலகத்தின் பட்டியலில் பெயர் இருந்தால்தான் பல்கலைக்கழகம் தேர்வு எழுத விடும். எழுதாவிட்டால் ஊர்க் கல்லூரியில் ஒரு வருஷம் முழுதாகப் போச்சு.

அந்த ஊர் மொழி தெரிந்தவள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எண் சீட்டு எடுத்து இரும்பு நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நாலாம் கவுண்டர் அம்மா நல்ல மனுஷி. மேஜையில் செடி வளர்ப்பவர், சிரித்த முகம். அதனால் வாய் நிறையத் திட்டவும் முடியவில்லை.

"திருத்திடலாம். அட்டைக்காரர் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா போதும்."

"நான்தாங்க அது. பாருங்க, என் படம்."

"படம் உங்களோடது, பேர் அவரோடது. அவர் படத்த ஏன் குடுக்கல?"

"அவரு இந்த நாட்டுலயே இல்லைங்க!"

"அப்போ வெளியேறின முத்திரையக் காட்டுங்க."

"உள்ள வரவே இல்லையே, எப்படி வெளியேறுவாரு?"

அந்த அம்மா இவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெளியேறலன்னா இங்கதானே இருக்கணும்?"

நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல எனக்கே தலை சுற்றியது. கல்லில் நார் உரிப்பது இதைவிடச் சுலபம்.

அடுத்த வாரம் அதே அலுவலகத்திலிருந்து அப்பா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கான அறிமுக வகுப்புகள் மூன்றுக்கும் அவர் வரவில்லையாம், விளக்கம் தர வேண்டுமாம். மூன்றுக்கும் போய்த் தன் பெயரில் கையெழுத்துப் போட்டவள் இவள். இவள் அதைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். அங்கேதான் வினை.

அப்பா ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர். உலகத்தில் ஏழாவது மாடிக்கு மேல் போகாதவர். முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூடச் சொல்லாமல் லீவு போட்டதில்லை.

"மூணு நாள் சொல்லாம கொள்ளாம லீவா? என் பேர்லயா?" என்று அவர் பதறியது போனுக்கு வெளியே கேட்டது.

"அது நீங்க இல்லப்பா."

"பேரு என்னோடதுதானேம்மா?"

அன்றே உட்கார்ந்து எழுதிவிட்டார், நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே லீவு லெட்டர். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் உண்டு. கடும் காய்ச்சல் காரணமாக மூன்று நாட்கள் வகுப்புக்கு வர இயலவில்லை, பொறுத்தருள வேண்டும், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன். ஏழாம் மாடி டாக்டரை லிஃப்டில் மடக்கி, அதை இங்கிலீஷில் எழுதி வாங்கி, கடிதத்தில் கண்ட முகவரிக்கு மின்னஞ்சலும் அனுப்பச் செய்துவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுபடி நாங்கள் போனபோது நாலாம் கவுண்டர் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "லீவு சாங்ஷன் ஆயிடுச்சு. வராததுக்கு இவ்வளவு மரியாதையா லெட்டர் எழுதின ஒரே மாணவர் உங்க அப்பாதான். இனி அவர் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது."

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. ஃபைல் கவுண்டரிலேயே தலை கவிழ்ந்து அழுதாள். என் வாய் சும்மா இருக்குமா? "சரிங்க, இந்த மாணவர் படிப்ப நிறுத்திட்டா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்போ ஒரு இடம் காலியாகும். இவங்களையே சேத்துக்கலாமே!"

"அதுக்கும் அவர் நேர்ல வரணுமா?"

"படிப்ப நிறுத்தறவர் எதுக்கு வரணும்? அவர்தான் வர்றதே இல்லையே."

சாயங்காலம் படிவத்தைக் கட்டிலில் விரித்து வைத்துக்கொண்டு, இவள் ஒவ்வொரு கேள்வியாகப் போனில் படித்தாள். மறுமுனையில் அப்பா டியூட்டி முடிந்து சட்டைகூட மாற்றாமல் பதில் சொன்னார்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது படிப்ப நிறுத்தியிருக்கீங்களான்னு கேக்குறாங்கப்பா."

"ஆமான்னு போடும்மா. எட்டாவதுல."

"காரணம்?"

"அப்ப யாரும் காரணம் கேக்கலியே." பிறகு அவரே சொன்னார், "வேலைக்குப் போயிட்டேன்னு போடு."

"இப்ப நிறுத்தறதுக்குக் காரணம்?"

"மக படிக்கணும்னு போடு. அது ஒண்ணும் பொய்யில்லையே."

ஃபைல் தலை நிமிராமல் எழுதினாள்.

படிவத்தை மின்னஞ்சலில் அனுப்ப, அவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். நாலே நாளில் மாணவர் விலகிவிட்டதாக உத்தரவு வந்தது. இவள் புதிய படிவத்தில் குடும்பப் பெயர் கட்டத்திலும் சொந்தப் பெயர் கட்டத்திலும் தன் பெயரையே எழுதினாள். கணினி மூச்சு விடவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் காலையில் அட்டை கைக்கு வந்தது.

அன்று மத்தியானம் அப்பா கூப்பிட்டார். சாப்பிட்டாயா, நுழைவுச் சீட்டை எடுத்து வைத்தாயா என்றெல்லாம் கேட்டார். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தோம். வைக்கவில்லை.

"ஏம்மா, நான் அங்க என்ன பாடம் படிச்சிக்கிட்டு இருந்தேன்?"

"பாலம் கட்டறதுப்பா."

"அடேயப்பா. ஆத்துக்குள்ளயா?"

"ஆமாப்பா."

நாளைக்குத் தேர்வை வைத்துக்கொண்டு, அவள் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறந்தாள். ஓடுகிற தண்ணீருக்கு நடுவில் தூணை எப்படி நிறுத்துவது, அடியில் மண் கரையாமல் இருக்க என்ன செய்வது என்று அவருக்குச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தினார்.

"இரும்மா," என்றார். "பேனா எடுத்துக்கறேன்."