அண்ணனுக்குக் கேட்டுப் போன வேலை

பெங்களூரில் நர்சிங் முடித்துவிட்டு அண்ணன் வேடசந்தூருக்குத் திரும்பி மாதக்கணக்காகியும் வேலை அமையவில்லை. திண்டுக்கல்லில் அவன் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. ஆண் நர்ஸ் வேண்டாம் என்று சிலர் நேராகவே சொன்னார்கள். சிலர், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

ஒருநாள் எனக்குச் செருப்பு வாங்க வேண்டியிருந்ததால் நானும் அவனோடு போயிருந்தேன். வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். அங்கிருந்த அம்மா டாக்டர் அவனுடைய சான்றிதழ்களைப் பொறுமையாகப் பார்த்தார். தன்னிடம் வருவது பெரும்பாலும் பிரசவக் கேஸ், ஆண் நர்ஸை உள்ளே விட்டால் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு என்ன படிச்சிருக்கு?"

"பிளஸ் டூ முடிச்சிருக்கா மேடம். என் தங்கச்சி" என்றான் அண்ணன்.

"வேலைக்கு வர்றியாம்மா? நாங்களே பழக்கி விட்டுருவோம்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் சான்றிதழ்களை எடுத்து உறைக்குள் போட்டுக்கொண்டே, வருவாள் என்று எனக்காகச் சொன்னான். செருப்பு வாங்காமலே பஸ் ஏறினோம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு வெள்ளைக் கோட்டை அவன் கண்முன்னால் போட மனம் வரவில்லை. பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொள்வேன். ஒருநாள் காலையில் பார்த்தால், அண்ணன் அதை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கசங்குன கோட்டோட போயி நின்னா உன்னைய யாரு நர்சுன்னு மதிப்பாக?"

அவன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஊசி போட நரம்பு பார்ப்பதிலிருந்து எல்லாமே அவன் சொல்லித் தந்ததுதான். சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாயே என்று டாக்டர் பாராட்டியபோது, அண்ணன் சொல்லித் தருகிறான் என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அண்ணனை ஒரு நூல் மில்லில் முதலுதவி அறைக்கென்று எடுத்தார்கள். கொஞ்ச நாளிலேயே பஞ்சு மூட்டை எடை போடும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கூடப் படித்த ஒருவன் டெல்லிக்குக் கூப்பிட்டதும் கிளம்பினான். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. ஆண் என்று யாரும் தயங்கவில்லையாம்.

சில வருஷங்கள் கழித்து அப்பா படுத்த படுக்கையானார். டிரிப் ஏற்றியதும் முதுகுப் புண்ணைக் கழுவிக் கட்டியதும் நான்தான். அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் அண்ணனுக்குப் போன் செய்தேன். நாடித்துடிப்பு எவ்வளவு என்று கேட்டான். சொன்னேன்.

"நீ பக்கத்துல இருக்கேல்ல, அது போதும்" என்றான். "நான் ரயிலு ஏறுறேன்."

அவன் வந்தபோது அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். கடைசியில் வலி இருந்ததா என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். ஊரிலேயே அவனுக்கு வேலை கொடுத்திருந்தால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவன்தான் இருந்திருப்பான் என்ற நினைப்பு எனக்கு இன்றும் போகவில்லை.

காரியம் முடிந்து அவன் டெல்லிக்குத் திரும்பினான். மறுநாள் நான் டூட்டிக்குப் போனேன்.