பக்கத்து மெஷின்

ஓயாமல் ஓடும் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கினால் எப்படி இருக்கும் தெரியுமா? போன மாதம் தெரிந்துகொண்டேன்.

முதலிபாளையத்தில் நான் செக்கிங் பார்க்கும் பனியன் கம்பெனி. திங்கட்கிழமை காலை டெய்லர் மல்லிகா திடீரென்று எழுந்தாள். பாத்ரூம் வரைகூடப் போகவில்லை... அங்கேயே வாந்தி. வேஸ்ட் துணியால் துடைத்தோம். கையில் சானிடைசர் தடவிக்கொண்டோம். அவளை வீட்டுக்கு அனுப்பினோம். முடிந்தது என்று நினைத்தோம்.

மறுநாள் அவளுக்கு இடப்பக்கம் தைப்பவள் வரவில்லை. அடுத்து வலப்பக்கம். பிறகு பின்வரிசை... எல்லோருக்கும் அதே வாந்தி, அதே பேதி. கண்ணுக்குத் தெரியாத யாரோ வரிசையாக நடந்துபோய் சுவிட்சை அணைப்பது மாதிரி!

தண்ணீர்தான் காரணம் என்றார்கள். டேங்க்கைக் கழுவினோம். கேன் தண்ணீர் வந்தது. நிற்கவில்லை.

வியாழக்கிழமை மல்லிகா வந்துவிட்டாள். "நல்லாயிட்டனுங்க்கா" என்று சிரித்தாள். மறுநாள், அவள் தைத்த பீஸ்களை மடித்துக்கொண்டிருந்த பெண் வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு உட்கார்ந்தாள்.

அதன்பின் மல்லிகா பக்கத்தில் யாருமே உட்காரவில்லை.

"ஏனுங்க்கா, என்னையப் பாத்து எல்லாரும் பயப்படறாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. அவளுடைய நாலு வயது மகளுக்கு வாந்தி நிற்கவில்லையாம்... கண் செருகுகிறதாம்.

நானும் கூடவே ஓடினேன். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். கம்பெனி கதையைக் கேட்ட டாக்டரம்மா, "நோரோ வைரஸ் மாதிரி தெரியுதுங்க" என்றார். "குணமானவங்ககிட்ட இருந்தும் பரவும். சானிடைசரை நம்பாதீங்க, சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க. வாந்தி எடுத்த இடத்தை ப்ளீச்சிங் பவுடர் கரைச்சுத் துடைக்கோணும்."

மல்லிகா உடைந்துபோனாள். "அப்ப எம்புள்ளைக்கு நாந்தான் குடுத்தனுங்களா?"

"உங்களுக்குக் குடுத்தவங்களுக்கும் அது தெரியாதுங்க."

சாயங்காலம் குழந்தை கண் திறந்து, "அம்மா, தண்ணி" என்றது. மல்லிகா சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்துதான் அவளைத் தொட்டாள்.

கிளம்பும்போது டாக்டரிடம் கேட்டேன், "ஒருக்கா வந்துட்டா இனி வராதில்லீங்க?"

"அது உருவத்தை மாத்திக்கிட்டே இருக்குதுங்க. புதுசா வர்றப்ப நம்ம உடம்புக்கு அடையாளம் தெரியாது."

இப்போது அது எந்த உருவத்தில், எந்த ஊரில், யார் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறதோ...