யாரையும் அழைக்காத கடை

சத்தியதாஸ் தம்பானூரில் கடை திறந்தது 1932-இல், ஆடியில் பெய்யும் கர்க்கடக மழை விட்ட மறுவாரம். ரயில் ஸ்டேஷன் அங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்புறச் சந்தில் ஓலை வேய்ந்த ஒற்றை அறை, பின்னால் கிணற்றோடு ஒரு துண்டு முற்றம். பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த பூதலிங்கம் பிள்ளைக்குத்தான் அந்த அறை சொந்தம். தச்சுவேலைக்கு என்று கேட்டு சத்தியதாஸ் அதை வாடகைக்கு எடுத்தார். என்ன தச்சுவேலை என்று பிள்ளை கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் சுவரோரம் மூன்று சவப்பெட்டிகள் நிமிர்ந்து நின்றதைப் பார்த்த பிறகே சந்துக்கு விஷயம் தெரிந்தது.

சத்தியதாஸுக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஊர் மார்த்தாண்டம் பக்கம். மிஷன் தொழிற்பள்ளியில் தச்சு படித்துவிட்டு, திருவனந்தபுரத்தில் ஒரு நாற்காலி மேஜைப் பட்டறையில் பதினோரு வருஷம் இழைப்புளி பிடித்தவர். நல்ல வேலைக்காரர், பேச்சு குறைவு. பட்டறையை விட்டு இந்தத் தொழிலுக்கு வர அவருக்கு ஒரு காரணம் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன், நாலு வயது மகள் காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பன் கையால் பெட்டி செய்யக்கூடாது என்று உறவுக்காரர்கள் தடுத்து, எங்கிருந்தோ ஒரு தச்சனைக் கூட்டி வந்தார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் வழக்கம். ஆள் போன பிறகு பலகைக்கு அலைவார்கள். வீட்டு முற்றத்திலேயே அறுத்து, அங்கேயே அடிப்பார்கள். உள்ளே பிள்ளையை மடியில் கிடத்தியிருந்த மனைவி தாசம்மாளுக்கு அந்தச் சத்தம் முழுக்கக் கேட்டது. கடைசியில் மூடிவைத்து ஆணி அறைந்தபோது, ஒவ்வொரு அடிக்கும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. சத்தியதாஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுகைகூட வரவில்லை. அந்தத் தச்சனிடமிருந்து சுத்தியலைப் பிடுங்கி எறிய வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் இருந்தது.

அதன் பிறகு பட்டறையில் எந்த வேலை செய்தாலும் மனசு அங்கேயே போய் நின்றது. பெட்டிகளை முன்கூட்டியே பல அளவுகளில் செய்து வைத்துக்கொண்டால் எந்த வீட்டு முற்றத்திலும் அறுக்க வேண்டாம், அடிக்க வேண்டாம். மூடிக்கு ஆணிக்குப் பதில் பித்தளைத் திருகாணி. துளையை முன்பே போட்டு வைத்தால் கையால் திருகிவிடலாம். யோசனை நல்ல யோசனை. தாசம்மாளிடம் சொன்னபோது அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். கடை திறந்த பிறகும் அந்தச் சந்துப் பக்கமே வரவில்லை.

கடை திறந்து ஒரு வாரத்தில் பூதலிங்கம் பிள்ளை வாசலில் வந்து நின்றார்.

"ஓய் சத்தியதாஸ், உம்மமேல எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனா விடிஞ்சதும் உப்பு, புளி வாங்க வாறவ கண்ணுல முதல்ல படுறது இதுதான்னா, மறுநாள் அவ என் கடைக்கு வருவாளா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சத்தியதாஸ் பெட்டிகளை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். வாசலில் பலகை எழுதி மாட்டும் எண்ணத்தையும் விட்டார். இப்போது அது என்ன கடை என்று தெரிந்தவர்கள் எட்டிப்போனார்கள், தெரியாதவர்கள் கடந்து போனார்கள். மாதம் மூன்று ஆயிற்று, ஒருவரும் வரவில்லை.

சபையின் உபதேசியார் இரக்கப்பட்டு, ஒரு நோட்டீஸ் எழுதித் தந்தால் ஜெபக்கூடத்துச் சுவரில் ஒட்டுவதாகச் சொன்னார். சத்தியதாஸ் காகிதத்தை வாங்கிவந்து இரண்டு நாள் வைத்துக்கொண்டிருந்தார். துணிக்கடைக்காரன் வாருங்கள் என்று எழுதலாம், காப்பிக்கடைக்காரன் எழுதலாம். இவர் யாரைப் பார்த்து வாருங்கள் என்று எழுதுவார்? வெற்றுக் காகிதத்தையே திருப்பிக் கொடுத்தார்.

அதைவிடக் கஷ்டமானது ஒன்று நடந்தது. பட்டறையில் கூட வேலை பார்த்த பழைய சிநேகிதர் ஒருவர் சீக்காகப் படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, இரண்டு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார் சத்தியதாஸ். வாசலிலேயே அந்த வீட்டு மூத்த மகன் குறுக்கே நின்றுகொண்டான்.

"அண்ணாச்சி தப்பா எடுக்கக்கூடாது. அப்பா பயப்படும். இப்போ உள்ள வரண்டாம்."

பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். நடக்க நடக்கத்தான் உறைத்தது. இனிமேல் இந்த ஊரில் நோயாளி இருக்கிற எந்த வீட்டுப் படியையும் தன்னால் மிதிக்க முடியாது. தொழிலுக்காக வந்தான் என்பார்கள். அன்றிலிருந்து சீக்கு வீடுகளுக்குப் போவதை அறவே நிறுத்தினார்.

நாலாம் மாதம் ஓர் ஆஸ்பத்திரி அட்டெண்டர் தேடிவந்து, மெல்லப் பேச்சு கொடுத்தான். இன்ன படுக்கை இரண்டு நாள் தாங்காது என்று தனக்கு முன்பே தெரியும், ஆள் அனுப்புகிறேன், நீர் போய் வெளியே நின்றால் போதும், கிடைப்பதில் ஒரு பங்கு தனக்கு என்றான். அரிசிப் பானை அடிதட்டிக் கொண்டிருந்த சமயம். சத்தியதாஸ் இழைத்துக்கொண்டிருந்த பலகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்.

"உசிரு கிடக்கிற இடத்துல நான் போயி நிக்க மாட்டேன். என்னைத் தேடி வந்தா வருவேன். இல்லேன்னா பட்டினி கிடப்பேன்."

அட்டெண்டர் சிரித்துவிட்டுப் போனான். அப்புறம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்களை அவன் வேறு தச்சர்களிடம் திருப்பிவிட்டதாகக் கேள்வி. சத்தியதாஸ் கதவு, ஜன்னல் ரிப்பேர் பார்த்துக் காலம் தள்ளினார்.

ஆறாம் மாதம், மாசி வெயிலில், ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். தன் அக்காள் புருஷன், ஸ்டேஷன் போர்ட்டர், காலையில் மூட்டை தூக்கும்போதே விழுந்து இறந்துவிட்டதாகச் சொன்னான். பாறசாலைப் பக்கத்து ஆட்கள், மிஷன் சபைக்காரர்கள். ஒரு தச்சனை வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் அவன் வந்திருந்தான். சத்தியதாஸ் ஒரு நூல்கயிற்றை எடுத்துக்கொண்டு கூடப் போனார். யாரும் கவனிக்காதபடி அளவெடுத்தார். பத்து நிமிஷத்தில் திரும்பி, அளவுக்கு ஒத்துவந்த மாம்பலகைப் பெட்டியைத் துடைத்தார். உள்ளே விரிக்கத் துணி இல்லை. அவர் வேட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது தாசம்மாள் வாசலில் நின்றாள். போர்ட்டர் செத்த செய்தி தெருவுக்கே தெரிந்துவிட்டிருந்தது. அவள் கையில் வெள்ளை மல் துணியும் ஊசிநூலும் இருந்தன. தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் துணியை வைத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

பிற்பகலில் அடக்கம். மூடியை வைத்ததும் உபதேசியார் வழக்கம்போல ஜெபத்தை நிறுத்தி, சுத்தியலுக்குக் காத்திருந்தார். சத்தியதாஸ் குனிந்து திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திருகினார். சத்தமே இல்லை. உபதேசியார் அதைப் புரிந்துகொண்டு ஜெபத்தைத் தொடர்ந்தார். போர்ட்டரின் மனைவி கண்ணை இறுக மூடி, காதைப் பொத்திக்கொண்டு நின்றவள், வரவேண்டியது வராததால் மெல்லக் கையை எடுத்தாள். குழி மூடும்வரை சத்தியதாஸ் கூட இருந்தார். எல்லோரும் போன பிறகே கிளம்பினார்.

அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னது குழிவெட்டுகிறவர். அடுத்து வந்த வீட்டாரிடம், தம்பானூர்ச் சந்தில் ஒரு ஆள் இருக்கிறார், ஆணி அடிக்கமாட்டார் என்றார். உபதேசியார் இன்னொரு வீட்டில் சொன்னார். போர்ட்டரின் மனைவி குளத்துக்கரையில் துணி துவைக்கும்போது பெண்களிடம் சொன்னாள். மூன்று வருஷத்தில் பாளையத்திலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் ஆட்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். வழி கேட்டவர்களுக்குப் பூதலிங்கம் பிள்ளையே தன் கடைப் பையனை அனுப்பாமல், தானே இறங்கி வந்து காட்டினார். தாசம்மாள் தினமும் கடைக்கு வந்து தைத்தாள்.

தொழில் நிலைத்துவிட்டது. ஆனால் மனிதர்கள் அவரிடமிருந்து ஓர் அடி தள்ளியே நின்றார்கள். கல்யாணப் பத்திரிகை தபாலில் வரும். நேரில் யாரும் வந்து கூப்பிடமாட்டார்கள். அவரும் போகமாட்டார்.

1941-இல் ஒரு மத்தியானம், கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள் சந்துக்குள் வந்தார். ராஜபாய் டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். யார் வீட்டில் என்று சத்தியதாஸ் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாரும் இல்லை. எனக்குத்தான்" என்றார் டீச்சர். "படுத்து அளவு கொடுக்கணுமா, நின்னாப் போதுமா?"

தாசம்மாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா நல்லா இருக்கீங்க. இப்போ எதுக்கு இது?" என்று கேட்டார் சத்தியதாஸ்.

"எனக்குப் பின்னால ஓடியாட ஆள் கிடையாது. எனக்கு வேண்டியதை நானே பார்த்து வச்சுக்கிட்டா நிம்மதியா இருப்பேன். இதுல பயப்பட என்ன இருக்கு?"

சத்தியதாஸ் அவரை நிற்கவைத்தே அளவெடுத்தார். அயினி மரத்துப் பலகை வேண்டும் என்றார் டீச்சர். வெள்ளைத் துணி வேண்டாம் என்று, பையிலிருந்து ஒரு நீலப் பட்டுச்சேலையை எடுத்து தாசம்மாளிடம் கொடுத்தார். அது டீச்சருடைய தாயாரின் சேலை. பெட்டி முடிந்து கடையின் பின்னறையில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, கறையான் ஏறியிருக்கிறதா பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு டீச்சர் வருவார். பார்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்து, யுத்தச் செய்தி பேசிவிட்டுப் போவார். டீச்சர் பட்டப்பகலில் அந்தக் கடைக்குள் போய்வருவதைச் சபைப் பெண்கள் பார்த்தார்கள். வருஷக் கடைசியில் இன்னும் இரண்டு பேர் தாங்களாகவே வந்து அளவு கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு டீச்சர் நேரில் வந்து சத்தியதாஸையும் தாசம்மாளையும் சாப்பிடக் கூப்பிட்டார். போனார்கள்.

1945-இல் டீச்சர் நெய்யூருக்குத் தன் தம்பி மகன் வீட்டைப் பார்க்கப் போனவர், அங்கேயே இறந்துபோனார். கடிதம் வந்து சேரும்போது அடக்கம் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அங்கே கிடைத்த பலகையில் ஏதோ ஒரு பெட்டி. சத்தியதாஸ் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, அன்று கடையைச் சாத்தினார்.

அயினிப் பெட்டி ஏழு மாதம் பின்னறையில் கிடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, வண்டியிலிருந்து இறங்கிய ஒரு கிழவி ஸ்டேஷன் மேடையிலேயே இறந்துவிட்டாள். பேர் தெரியவில்லை. கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு இருந்ததால் உபதேசியாருக்குச் சொல்லி அனுப்பினார்கள், அவர் இங்கே வந்தார். சத்தியதாஸ் அளவெடுக்கும் நூல்கயிற்றை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். கிட்டத்தட்ட டீச்சரின் உயரம்.

"அதைக் கொடுத்திருவமா?" என்று தாசம்மாளிடம் கேட்டார்.

"டீச்சர்கிட்ட கேட்டா குடுன்னுதான் சொல்லியிருக்கும்" என்றாள்.

பின்னறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, நீலப் பட்டின் மேல் படிந்திருந்த தூசியை உள்ளங்கையால் தடவித் தட்டினாள். சத்தியதாஸ் ஒரு பக்கமும் உபதேசியார் ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு, வெயிலில் ஸ்டேஷனை நோக்கி நடந்தார்கள்.