ஒரே கல்லில் இரண்டு சுருள்

கண்காட்சியில் அந்தக் கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட இரண்டு கடல் உயிர்கள் அதில் கல்லாகிக் கிடந்தன. ஒன்று வரிவரியாக இருந்தது, மற்றொன்று வழவழப்பாக.

"ரெண்டும் நெருங்குன சொந்தமாம்மா. ஒரே கடல்லதான் இருந்துச்சாம். திங்கிற எர வேற வேறங்கிறதால சண்டை வரலியாம்," என்று பலகையைப் படித்துச் சொன்னாள் என் மகள்.

நானும் பெரியப்பா மகள் வள்ளியும் முதலியார்பேட்டையில் ஒரே வீட்டில், ஒரே பாயில் வளர்ந்தவர்கள். பள்ளி நாட்களில், உறவினர் ஊரில் கிணறு வெட்டிய மண்மேட்டில் இப்படியொரு கல்லை நான்தான் முதலில் பார்த்தேன். ஈரமண் வாசனையோடு இருந்ததைப் பாவாடையில் துடைத்தேன். இருவரும் மாறிமாறிச் சுமந்து வந்தோம்.

"இது நம்ம ரெண்டு பேருதுடி," என்றாள் வள்ளி.

கல்லைப் பள்ளிக்கு எடுத்துப் போனோம். வகுப்பில் ஆசிரியை அதை மேசைமேல் வைத்து, "யார் கண்டெடுத்தது?" என்று கேட்டார். நான் எழுவதற்குள் வள்ளி எழுந்தாள்.

"நான்தான் மிஸ்."

"இவளும் கூட இருந்தாளா?"

"இல்ல மிஸ். இவ ஊருக்கே வரல."

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மறுபடி என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

வீட்டில் அழுதேன். "ஒரு கல்லுக்கா அழுவுற? நாளைக்கும் அவகூடதான இருக்கணும், உடு," என்றாள் அம்மா. வள்ளி சொன்ன பொய்யைவிட அதுதான் அதிகம் வலித்தது. கல்யாணம்வரை அவளோடு ஒரே பாயில்தான் படுத்தேன். மனதில் இருந்த எதையும் அவளிடம் சொன்னதில்லை.

"வள்ளி பெரியம்மா வீட்டு ஷோகேஸ்ல இப்படி ஒரு கல்லு இருக்கே, அது நான் கண்டெடுத்ததுடி," என்றேன் மகளிடம்.

அவள் சிரித்தாள்.

"போம்மா. அது பெரியம்மா கண்டெடுத்தது. அவங்களே சொன்னாங்க."