நாற்பத்தெட்டு கழற்சிக்காய்

சின்ன வயதில் என் கையும் வாயும் சும்மா இருக்காது. அவை இரண்டாலும்தான் அத்தையின் வாழ்க்கை கெட்டது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அத்தை, நைனாவின் தங்கை. கல்யாணமாகி நாலு வருஷம். மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை, குழந்தையும் இல்லை. சரியானதும் அழைத்துப்போகிறேன் என்று மாமா அவளை எங்கள் வீட்டில் விட்டுப் போயிருந்தார். அம்மா பொன்னேரி நாட்டு மருந்துக் கடையில் நாற்பத்தெட்டு கழற்சிக்காய் வாங்கிவந்து டப்பாவில் போட்டாள். அத்தையே தினம் ஒன்றை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பை மிளகோடு அரைத்து, வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் குடிக்க வேண்டும். கர்ப்பப்பைக் கட்டி கரையும், மாதம் தவறாமல் வரும். ஒருநாள் விட்டாலும் மருந்து பலிக்காது என்றாள் அம்மா.

கழற்சிக்காய் கோலிக்குண்டு மாதிரி வழவழவென்று இருக்கும். முதல் நாளே ஐந்தைத் திருடி அஞ்சாங்கல் ஆடி, ஐந்தையும் சேற்றில் தொலைத்தேன். பிறகுதான் உறைத்தது. ஐந்து நாள் மருந்து குறையும், மாமா அத்தையை அழைத்துப்போக மாட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அத்தைக்கோ ஒரு கவலையும் இல்லை. மாமாவிடமிருந்து போன் வந்தால் அதை அடிக்கவிட்டு, பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏரியில் இறங்கிவிடுவாள். இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பாள்.

முப்பதாம் நாள் தாங்க முடியாமல் தண்ணீருக்குள் ஓடி, அவளிடம் உண்மையைச் சொன்னேன். அத்தை பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இதுக்கா அழுவுற? டப்பாவுல நெறைய கீது, இன்னும் அஞ்சு எடுத்துக்கோ. உங்கம்மாவாண்ட மட்டும் சொல்லாத."

போய் எண்ணினேன். நாற்பத்துமூன்று இருந்தன. அம்மா மறுபடி வாங்கிப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். போன உயிர் திரும்பி வந்தது.

நாற்பத்தொன்பதாம் நாள் மாமா வந்தார்.

"மருந்து முடிஞ்சிச்சா?"

அத்தை 'ம்' என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? டப்பாவைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்து, "இன்னும் நெறைய கீது மாமா" என்றேன்.

அவர் டப்பாவையே பார்த்தார். "என்கூட வாழணும்னு நெனப்பு இருந்தா இல்ல மருந்த குடிப்பா" என்று நைனாவிடம் சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினார். நைனா பின்னாலேயே ஓடினார். மாமா அதற்குப் பிறகு வரவே இல்லை.

அத்தையை ஒன்றும் சொல்ல முடியாமல் அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். வீட்டுக்குப் பின்னால் போய்த் தேம்பிக்கொண்டிருந்தேன். அத்தை என்னைத் தேடி வந்தாள். என் கையைப் பிரித்து, ஐந்து கழற்சிக்காயை வைத்து மூடினாள். பிறகு பறியை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தாள். நான் செய்த தப்பை மறக்கக்கூடாது என்றுதான் கொடுத்தாள் என்று அப்போது எண்ணி, அந்த ஐந்தையும் தொடப் பயந்து அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.